திறையும் இறையும்

வரி என்னும் சொல்லைக் கேட்டு மனம் மகிழ்வோர் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் மிகச் சிலரே. உழைத்துத் தேடிய பொருளில் ஒரு பங்கைப் பிறர் கையில் வைப்பது எளிய செயலன்று. வைத்த பொருள் எங்கே போயிற்று, யாருக்குப் பயன்பட்டது என்பது தெரியாதபோது அச்செயல் மேலும் கடினமாகின்றது. ஆயினும், வரியோ வரிக்கு ஈடான உழைப்போ இல்லாமல் ஒரு சமுதாயம் தன் குளத்தையும் தெருவையும் பள்ளிக்கூடத்தையும் நெடுங்காலம் காத்து வந்ததாகக் காண்பது அரிது. குடிகள் ஏன் வரி இறுக்க வேண்டும், அதனால் அவர்கள் பெறுவது யாது என்ற கேள்விகளுக்கு விடை காண வேறு நாடுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. இலங்கையின் கடந்த இருநூறு ஆண்டு வரலாறு அவ்விடையைத் தன்னுள்ளே கொண்டிருக்கின்றது.

தமிழில் திறை என்றும் இறை என்றும் இரு சொற்கள் உண்டு. போரில் தோற்ற மன்னன் வென்ற மன்னனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது திறை. குடிகள் தம் அரசுக்கு இறுப்பது இறை. திறை அச்சத்தின் பேரில் கொடுக்கப்படுவது. மேலும் தாக்கப்படாமல் இருப்பதே கொடுத்தவன் பெறும் பயன். இறையோ காவலும் நீதியும் நீரும் வழியும் வேண்டிக் கொடுக்கப்படுவது. கொடுத்தவனுக்கு அதன் பயனைக் கேட்கும் உரிமை உண்டு. இலங்கையில் அரசாங்கத்தின் பொருட்சாலையைத் திறைசேரி என்று அழைப்பது வழக்கம். ஆங்கிலச் சொல்லின் ஒலியை ஒட்டி வழங்கும் பெயர் அது. எனினும் அப்பெயருக்குள்ளே திறை என்னும் பழஞ்சொல் அமர்ந்திருப்பது இந்நாட்டின் வரலாற்றுக்குப் பொருத்தமாகவே இருக்கின்றது. திறையாகத் தொடங்கிய ஒன்று எவ்வாறு மெல்ல மெல்ல இறையாக மாறியது என்பதே அந்த வரலாறு.

பழைய இலங்கையில் குடிகள் அரசுக்குக் கொடுத்தவற்றுள் முதன்மையானது பணமன்று, உழைப்பே. நிலத்தை அனுபவித்தவர் அந்நிலத்துக்குரிய ஊழியத்தை அரசனுக்குச் செய்ய வேண்டும். சிங்கள நாட்டில் இதனை இராசகாரியம் என்றனர். பெருங் குளங்களும் வாய்க்கால்களும் இத்தகைய உழைப்பினால் பேணப்பட்டன. குளக்கட்டில் மண் சுமந்தவன் அந்தக் குளத்து நீரைத் தன் வயலிலே கண்டான். கொடுத்ததும் பெற்றதும் ஒரே ஊருக்குள் இருந்தமையால் கணக்குப் புத்தகம் இல்லாமலே அவனுக்குக் கணக்குத் தெரிந்தது. ஆனால் அதே இராசகாரியத்தின் பெயரால் அதிகாரிகளின் பல்லக்கைச் சுமக்கவும் பிறர் இலாபத்துக்காகக் கறுவாப்பட்டை உரிக்கவும் மக்கள் ஏவப்பட்ட காலமும் வந்தது. அப்போது அவ்வுழைப்பு தன் தன்மையை இழந்து திறையாகிவிட்டது.

போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் கரையோரப் பகுதிகளை ஆண்டபோது வரி வாங்குவதற்கென்றே காணிகளையும் குடிகளையும் ஏட்டில் பதிந்தனர். தோம்பு என்று பெயர்பெற்ற அந்தப் பதிவேடுகளின் நினைவு யாழ்ப்பாணத்தார் பேச்சிலும் எழுத்திலும் நெடுங்காலம் நிலைத்தது. தலைவரியும் ஊழியமும் அங்கே மக்களை அழுத்தின. குடிகளை எண்ணி எழுதிய ஆட்சியாளர் அவர்களின் குறைகளை அதே கவனத்தோடு எண்ணி எழுதவில்லை.

1796ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் வசமிருந்த கரையோரப் பகுதிகள் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. அவற்றை முதலில் நிருவகித்தது சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியே. நாட்டு வழமை அறியாத அவ்வாட்சி பழைய ஊழிய முறையைத் திடீரென மாற்றியது. தென்னை மரங்களுக்கு வரி விதித்தது. வரி வாங்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டது. முதலியார்கள் வகித்த இடத்தில் தென்னிந்தியாவிலிருந்து அமுல்தார்களைக் கொண்டுவந்து அமர்த்தியது. குத்தகைப் பணத்தை முன்னரே கொடுத்தவன், கொடுத்ததற்கு மேலே பறிக்க முயல்வது இயல்பு. நெல்லை அறுத்து அளவறிந்து கவளம் கொடுத்தால் யானைக்குப் பல நாள் உணவாகும், யானையே வயலில் இறங்கினால் தின்பதினும் அழிவதே மிகும் என்னும் கருத்தைப் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு உரைத்தது புறநானூற்றில் உள்ளது. 1797இல் இலங்கையில் நடந்தது அந்த யானை வயலில் இறங்கிய கதையே. மக்கள் கிளர்ந்தெழுந்தனர். டி மியூரன் என்பவரின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, பழைய முறைக்கே திரும்புமாறு ஆலோசனை கூறியது. தென்னை வரி கைவிடப்பட்டது.

1815இல் கண்டி இராச்சியமும் ஆங்கிலேயர் வசமாகி, தீவு முழுவதும் ஓராட்சிக்கு உட்பட்டது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்திலிருந்து மக்கள் விடுபட்டது நன்மையே. ஆயினும் அதனோடு இன்னொன்றும் நடந்தது. குளங்களையும் வாய்க்கால்களையும் திருத்தும் பொதுக் கடமையும் பல இடங்களில் கைவிடப்பட்டது. தன் பங்கு வேலையைச் செய்ய மறுத்தவனைக் கேட்பதற்கு ஊரில் அதிகாரம் இல்லாமற் போயிற்று. ஒருவன் வராதபோது மற்றவனும் வரவில்லை. கட்டு உடைந்தபோது இருவர் வயலும் காய்ந்தன. இந்தக் கேட்டைக் கண்ட தேசாதிபதி ஹென்றி வோர்ட் 1856இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஊர் வழமைகளுக்கும் கூட்டுக் கடமைக்கும் சட்ட வலிமை கொடுத்தார். பொதுப் பயனுக்குப் பொதுப் பங்களிப்பு வேண்டும் என்பதும், அப்பங்களிப்பு எல்லோரையும் ஒருங்கே கட்டுப்படுத்த வேண்டும் என்பதும் இந்த அனுபவத்தால் விளங்கிய உண்மைகளாகும்.

இதற்கிடையே 1848ஆம் ஆண்டு வந்தது. இலங்கை வரி வரலாற்றில் அவ்வாண்டு மறக்க முடியாதது. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியிருந்த காலம் அது. ஐரோப்பாவில் ஏற்பட்ட வர்த்தக நெருக்கடியால் கோப்பியின் விலை வீழ்ந்தது. அரசாங்கத்தின் வருமானமும் சுருங்கியது. குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் ஏற்றுமதி இறக்குமதித் தீர்வைகளைக் குறைத்து, வரிச்சுமையை நிலத்தின்மீது மாற்றவேண்டும் என்று முன்னரே அறிக்கை எழுதியிருந்தார். 1847இல் தேசாதிபதியாக வந்த டொரிங்டன் பிரபு புதிய நேர் வரிகளை நாடினார். துப்பாக்கி வைத்திருப்பதற்கு வரி, நாய் வளர்ப்பதற்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி என்று அவை வரிசையாக வந்தன. இவற்றுக்கு மேலே தெருச் சட்டம் ஒன்றும் வந்தது. 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண் ஒவ்வொருவனும் ஆண்டில் ஆறு நாள் தெரு வேலை செய்ய வேண்டும். இல்லையேல் அதற்கு ஈடாகப் பணம் இறுக்க வேண்டும்.

தெரு எல்லோருக்கும் பொதுவானது, அதற்கு எல்லோரும் உழைப்பதில் குற்றம் யாது என்று கேட்கத் தோன்றும். கண்டி நாட்டுக் குடியானவன் அதை வேறு வகையாகக் கண்டான். துப்பாக்கி அவனுக்குப் பொழுதுபோக்குப் பொருளன்று; சேனைப் பயிரைக் காட்டுப் பன்றியிடமிருந்து காக்கும் கருவி. நாய் அவன் வீட்டுக் காவல். தெருவோ அவன் ஊருக்கு வருவதைவிடத் தோட்டத்துக்குப் போவதாகவே அவனுக்குத் தோன்றியது. தோட்டத் துரைமாரின் சுமையைக் குறைத்து அவன் சுமையைக் கூட்டிய கணக்கு அவனுக்கு விளங்காமற் போகவில்லை. பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஒழிந்ததாகச் சொல்லப்பட்ட இராசகாரியம் வேறு பெயரோடு திரும்பி வந்துவிட்டதென்றே அவன் எண்ணினான். இந்த வரிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும் உரிமை அவனுக்கு எந்தச் சபையிலும் இருக்கவில்லை. 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் உத்தியோகத்தர்களே பெரும்பான்மையினர். ஏனையோரும் தேசாதிபதியால் நியமனம் பெற்றவர்களே.

1848 யூலைத் தொடக்கத்தில் மக்கள் கண்டிக் கச்சேரியின் முன் திரண்டனர். கொழும்பிலும் மனுக்கள் எழுந்தன. கொழும்பு ஒப்சேவர் பத்திரிகையை நடத்திய டொக்டர் கிறிஸ்தோபர் எலியட் வரிகளைக் கண்டித்து எழுதினார். மனுவுக்கு மறுமொழி கிடையாதபோது மாத்தளைப் பகுதியில் கலகம் மூண்டது. யூலை 28ஆந் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடி சூட்டப்பட்டான். அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. ஓகஸ்ட் 8ஆந் திகதி புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். கொங்காலேகொட பண்டாவுக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை மாற்றப்பட்டு, அவன் கசையடி பெற்று மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டான். அடக்குமுறையின் கொடுமை இலண்டன் பாராளுமன்றம் வரை எட்டி விசாரணைக்கு உள்ளாயிற்று. 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். புதிய வரிகளுட் பல கைவிடப்பட்டன.

ஆனால் தெருச் சட்டம் சில திருத்தங்களோடு நிலைத்தது. அதனால் உருவான தெருக்களில் பிற்காலத்தில் குடியானவனின் வண்டியும் ஓடியது என்பதை மறுப்பதற்கில்லை. வரிப்பணத்தின் பயன் பல வேளைகளில் கொடுத்தவன் கண்ணுக்குப் படாமல் அவன் பேரனுக்கே போய்ச் சேர்கின்றது. அதற்காக முறையற்ற வரி முறையான வரியாகிவிடாது. செல்வனும் ஏழையும் ஒரே அளவு இறுக்கும் தலைவரி, செல்வனுக்குச் சில்லறை. ஏழைக்குச் சில நாட் சோறு. பணமில்லாதவன் மட்டுமே வெயிலில் கல்லுடைத்தான். 1915இல் தோன்றிய யங் லங்கா லீக் என்னும் இளைஞர் சங்கமும் அதன் முன்னணியில் நின்ற ஏ. ஈ. குணசிங்கவும் இந்த வரிக்கு எதிராகப் போராடினர். 1920களில் அவ்வரி ஒழிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியானவனை வாட்டிய மற்றொரு வரி நெல் வரியாகும். விளைச்சலில் பத்தில் ஒன்று என்பது அதன் பொதுவான அளவு. முன்னர் வரிக் குத்தகைக்காரர் களத்துக்கு வந்து நெல்லை அளந்து எடுத்தனர். அவர்களின் கொடுமையை நீக்கும் எண்ணத்தோடு 1878இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நெல்லுக்குப் பதிலாக ஆண்டுதோறும் குறித்த தொகையைப் பணமாக இறுக்குமாறு அச்சட்டம் விதித்தது. குத்தகைக்காரரின் தொல்லை ஒழிந்தது. ஆனால் வேறோர் ஆபத்து வந்தது. நெல்லாக இறுத்த காலத்தில் விளைவு குறைந்தால் வரியும் குறைந்தது. பணமாக இறுக்கும் காலத்தில் மழை பொய்த்தாலும் தொகை பொய்க்கவில்லை. அதே காலத்தில் கோப்பிச் செடியில் இலைநோய் பரவித் தோட்டங்கள் அழிந்தன. வீட்டுத் தோட்டக் கோப்பியை விற்றுப் பணம் கண்ட மலைநாட்டுக் குடியானவனுக்கு வரி கட்டக் கையில் காசில்லை. வரி நிலுவைக்காக வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பகுதியில் நிலம் இழந்த குடும்பங்கள் பட்ட துன்பத்தை அங்கே உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியரே வெளிப்படுத்தினார். வர்த்தகரான ஜோர்ச் வோல் இவ்வரியை ஒழிக்குமாறு இடைவிடாது வாதாடினார்.

இந்த ஜோர்ச் வோலின் பெயர் இன்னொரு நிகழ்ச்சியோடும் தொடர்புடையது. இலங்கையில் நிறுத்தப்பட்ட படைக்கான செலவை இலங்கையே ஏற்கவேண்டும் என்று பிரித்தானிய அரசாங்கம் வற்புறுத்தியபோது, நாட்டின் பணத்தை எவ்வாறு செலவிடுவது என்பதில் சட்டநிரூபண சபைக்கு அதிகாரம் இல்லாமையைக் கண்டித்து 1864இல் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் சிலர் பதவி துறந்தனர். அவருள் வோலும் ஒருவர். அவர்கள் பெரும்பாலும் வர்த்தகர், தோட்டக்காரர் ஆகியோரின் குரலாகவே பேசினர் என்பது உண்மை. ஆயினும் வரி கொடுப்பவன் செலவைக் கேட்கவேண்டும் என்ற கொள்கை அவர்கள் வாயிலாகச் சபையில் ஒலித்தது. வயல் உழுதவனுக்கு அக்குரல் கிடைக்க இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் செல்லவேண்டியிருந்தது. நெல் வரி மட்டும் தேசாதிபதி ஹவ்லொக்கின் காலத்தில் 1892இல் ஒழிக்கப்பட்டு, 1893 தொடக்கம் இல்லாதொழிந்தது.

1931ஆம் ஆண்டு இலங்கையின் அரசியலில் பெருந் திருப்பமாகும். டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ், 21 வயது நிறைந்த ஆண் பெண் இருபாலாருக்கும், படிப்போ சொத்தோ கேளாமல் வாக்குரிமை விரிவாக்கப்பட்டது. யூன் மாதத்தில் அரசாங்க சபைக்குத் தேர்தல் நடந்தது. மறு ஆண்டிலேயே, 1932இன் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வாயிலாக வருமான வரி இந்நாட்டில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் தீர்வை வருமானம் குன்றியமை அதற்கு உடனடிக் காரணம். ஆயினும் இவ்விரு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து வந்தமை கருதத்தக்கது. அதுவரை உப்புக்கும் அரிசிக்கும் துணிக்கும் ஏழை இறுத்தது பெரிது; பெரும் வருமானமுடையோர் தம் வருமானத்தின் மீது இறுத்தது எதுவுமில்லை. வாக்குச் சீட்டு ஏழையின் கைக்கு வந்த மறு ஆண்டில் வரிச் சீட்டு செல்வனின் கைக்குப் போயிற்று. இயன்றவன் இயன்ற அளவு கொடுக்க வேண்டும் என்னும் நியாயம் அப்போதுதான் சட்டமாயிற்று.

பொதுப்பணத்தின் பயன் யாது என்பதைச் சில ஆண்டுகளுக்குள்ளே ஒரு பேரிடர் காட்டிற்று. 1934ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோயினால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்பது கணிப்பு. 1935இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 250க்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் இறந்தன. மக்களின் வாக்கைப் பெற்றுச் சபைக்குப் போனவர்கள் இதனைக் கண்டும் காணாமல் இருக்க இயலவில்லை. கிராமங்களில் மருந்துச்சாலைகளும் மகப்பேற்று நிலையங்களும் பெருகின. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் டீ.டீ.ரீ. மருந்து நாடெங்கும் தெளிக்கப்பட்டது. 1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. ஓராண்டில் இத்தனை வீழ்ச்சிக்கு மருந்து மட்டும் காரணமன்று. உணவும் வைத்திய வசதியும் சேர்ந்தே அதனை ஆக்கின. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நுளம்பு செல்வன் வீட்டையும் ஏழை வீட்டையும் பிரித்தறியாது. எத்துணைச் செல்வமுடையவனும் தன் பணத்தால் தன் வீட்டுக்கு மட்டும் மலேரியாவை ஒழித்துக்கொள்ள முடியாது. எல்லோரும் சேர்ந்து கொடுத்தால் மட்டுமே கிடைக்கக்கூடிய நன்மைகள் உலகில் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கல்வியும் அத்தகையதே. கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராயிருந்தபோது, 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கல்வி கற்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இலவசக் கல்வி என்று அதனைச் சொல்வது வழக்கம். உண்மையில் அது இலவசமன்று. நாட்டார் அனைவரும் முன்கூட்டியே கட்டணம் செலுத்திய கல்வியாகும். மீன் பிடிப்பவனின் மகன் டொக்டராக வந்து நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்கும்போது, அந்தக் கையை உடையவனும் அவன் படிப்புக்குச் சிறிது கொடுத்தவனே. அவ்வாறு கற்றவர்கள் அந்தக் கடனை மறவாதிருக்க வேண்டும் என்பதும் அதனுள் அடங்கும்.

ஆனால் கொடுத்தவர் எல்லோரும் பெற்றார்களா என்று கேட்டால், மறுமொழி மனத்தை உறுத்துவதாக இருக்கின்றது. சுதந்திரத்துக்குப் பின்வந்த ஆண்டுகளில் இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் மிகப் பெரும் பங்கு தேயிலை, றப்பர், தென்னை ஆகிய மூன்றிலிருந்தே வந்தது. தேயிலை மீதான ஏற்றுமதித் தீர்வை அரசாங்க வருமானத்தின் பெருந் தூண்களுள் ஒன்று. அத்தேயிலையைக் கிள்ளியவர்கள் மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரே. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றிருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்து 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் அம்மக்களில் மிகப் பெரும்பாலார் நாடும் வாக்கும் இழந்தனர்.

அதன் விளைவு விரைவில் தெரிந்தது. அவர்கள் பறித்த கொழுந்தின் தீர்வை நாடெங்கும் பள்ளிக்கூடங்களையும் வைத்தியசாலைகளையும் நடத்தியது. அவர்களின் பிள்ளைகளோ தோட்டப் பள்ளிக்கூடங்களில் சில வகுப்புகளுக்கு மேல் படிக்க வழியின்றி நின்றனர். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேயே. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைக் குறைபாடு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே பெரும்பாலும் தீர்ந்தது. வரிக்கணக்கில் அவர்கள் பெயர் எழுதப்படவில்லை. ஆயினும் ஒவ்வொரு கூடைக் கொழுந்திலும் அவர்கள் பங்கு இருந்தது. வாக்கற்றவன் கொடுப்பது திறையே என்பதை இலங்கை தன் சொந்த மக்கள் விடயத்திலேயே மெய்ப்பித்துக் காட்டியது.

பயனை ஒருமுறை பெற்ற மக்கள் அதனை எளிதில் இழக்க இசையார் என்பதும் அக்காலத்தில் தெரிந்தது. பொதுப்பணத்திலிருந்து விலை தாங்கப்பட்டுப் பங்கீட்டில் கொடுக்கப்பட்ட அரிசியின் விலையை 1953இல் அரசாங்கம் ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஓகஸ்ட் 12ஆந் திகதி நாடு முழுவதும் ஹர்த்தால் நடந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். செலவு மிகுந்துவிட்டதென்று அரசாங்கம் சொன்ன கணக்கில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அந்தக் கணக்கை மக்களுக்கு முன்னரே விளக்கி, அவர்களின் இசைவைப் பெறாமல் அடுப்பில் கைவைத்ததன் விளைவை அவ்வரசாங்கம் கண்டது.

இதற்கு மறுதலையான பாடம் அண்மைக் காலத்தில் கிடைத்தது. வரி மிகுந்ததால் வந்த துன்பத்தையே கண்டு பழகிய நாடு, வரி குன்றியதால் வரும் துன்பத்தையும் காண நேர்ந்தது. 1990இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 19 வீதமாயிருந்த வரி வருமானம் அதன்பின் படிப்படியாகத் தேய்ந்து வந்தது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் பதவிக்கு வந்த அரசாங்கம், பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. வருமான வரிக்கு உட்படாத ஆண்டு வருமானத்தின் எல்லையை ஐந்து இலட்சம் ரூபாவிலிருந்து முப்பது இலட்சமாக உயர்த்தியது. அன்று அதனை வரவேற்றவர் பலர். 2021இலும் 2022இலும் வரி வருமானம் மொத்த உற்பத்தியில் 8 வீதத்துக்கும் கீழே வீழ்ந்தது. கொரோனா நோயும், உல்லாசப் பயணத்துறையின் வீழ்ச்சியும், முன்னரே குவிந்திருந்த கடனும், இரசாயனப் பசளைத் தடையும் அதனோடு சேர்ந்தன. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியது.

எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றது. வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டது. கடதாசி இல்லாமையால் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளும் பிற்போடப்பட்டன. வரிக் குறைப்பொன்றே இத்தனைக்கும் காரணமென்று சொல்வது பொருந்தாது. ஆனால் இறுக்காமல் விட்ட வரி எங்கும் மறைந்துபோவதில்லை. விலைவாசியாகவும் கடனாகவும் திரும்பி வந்து, பெரும்பாலும் கொடுக்க இயலாதவன் வாசலிலேயே நிற்கின்றது. மிகுந்த வருமானமுடையோருக்குப் பெருஞ் சலுகையாய் வந்தது, 2024 சனவரி தொடக்கம் 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியாய் எல்லோர் தலையிலும் ஏறியது.

தான் வரி கட்டுவதில்லை என்று எண்ணுவோர் பலர். சவர்க்காரக் கட்டியும் தீப்பெட்டியும் வாங்குபவர் எவரும் வரி கட்டாதவரல்லர். இலங்கையின் வரி வருமானத்தின் பெரும்பகுதி இவ்வாறு பொருள்களின் விலைக்குள் மறைந்திருந்தே வருகின்றது. கூலியாளும் முதலாளியும் ஒரே சவர்க்காரத்துக்கு ஒரே வரியை இறுக்குகின்றனர். ஆகையால் செலவுக் கணக்கைக் கேட்கும் உரிமை வருமான வரிப் பத்திரம் நிரப்புபவருக்கு மட்டும் உரியதன்று. வைத்தியசாலையில் மருந்து ஏன் இல்லை என்று கேட்கும் கிழவியும், தெரு ஏன் போடப்படவில்லை என்று கேட்கும் வண்டிக்காரனும் தாம் கொடுத்த பொருளுக்கே கணக்குக் கேட்கின்றனர். அவர்களுக்கு மறுமொழி சொல்வது சலுகையன்று; கடமையாகும்.

இந்த நெடும் வரலாறு குடிகளுக்கும் அரசுக்கும் ஒருங்கே சொல்வது மூன்று செய்திகள். சுமை இயன்ற அளவுக்கு ஏற்பப் பங்கிடப்பட வேண்டும். 1848இன் தலைவரியும் வலப்பனையின் ஏலங்களும் அதற்குச் சான்று. கொடுப்பவனுக்குக் குரல் இருக்க வேண்டும். மலையகத் தொழிலாளரின் வரலாறு அதற்குச் சான்று. கொடுக்க வேண்டியவர் கொடுக்கவும் வேண்டும். இடிந்துபோன குளக்கட்டுகளும் 2022இன் வரிசைகளும் அதற்குச் சான்று. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் இறை மீண்டும் திறையாகிவிடும், அல்லது திறைசேரி வெறுஞ்சேரியாகிவிடும். மூன்றும் பொருந்திய இடத்தில் வரி என்பது பழைய குளக்கட்டு வேலையைப் போன்றது. ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற மண்ணைச் சுமக்கின்றனர். மழை பெய்யும்போது நீர் எல்லோர் வயலுக்கும் பாய்கின்றது.